கவுதாரிக்குப் பதில் கேட்டவர்

அவர் கையைத் தூக்கினால் பேச்சு நிற்க வேண்டும். வலது கை. உள்ளங்கை நம்மைப் பார்த்திருக்கும், தோளுக்கு மேல் உயராது. அவர் வாயில் சோறு இருந்தால் மெல்லுவது நிற்கும். எதிரே இருப்பவன் தும்மலைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். தலையைச் சாய்த்துத் தெற்குப் பக்கமாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கையை இறக்கி, "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சோற்றைப் பிசைவார்.

முதல் தடவை பார்த்தபோது போலீஸ் வருகிறதாக்கும் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் நான் தங்கியிருந்த சில இடங்களில் அதற்குத்தான் அப்படிக் கை தூக்குவார்கள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், சூளையில் செங்கல் அடுக்குவது, புரோட்டாக் கடையில் மாவு பிசைவது என்று ஊர் மாறி ஊர் போய், கங்கைகொண்டான் பக்கம் ஒரு கட்டட வேலை முடிந்ததும் வேலி போடுகிற ஆட்களோடு சேர்ந்துகொண்டேன். குழி தோண்டித் தூண் நட்டுக் கம்பி இழுத்துக் கட்டுகிற வேலை. தாமிரபரணித் தண்ணீர் கால்வாயில் வந்து முடிகிற கடைசிக் குளத்துக்குத் தெற்கே பெரிய பொட்டல். உடைமரமும் சரளையுமாகக் கிடந்த அந்த நிலத்தில் மின்சாரத்துக்குச் சூரியத் தகடு பதிக்கப் போகிறார்கள் என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பொட்டலை ஒட்டின கடைசி வீடு அவருடையது. மாடு இல்லாத தொழுவம் ஒன்று இருந்தது. கழுவிவிட்டு அதில் தங்கிக்கொண்டேன். அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன், அவர் மனைவியை மதினி என்று.

தொழுவத்தில் எனக்கு முன்பே ஒருவன் குடியிருந்தான். மூங்கில் கூண்டுக்குள் ஒரு கவுதாரிச் சேவல். அவனுக்குப் பெயர் 'பய'. "பயலுக்குத் தண்ணி வச்சாச்சா" என்பதுதான் அண்ணாச்சி காலையில் எழுந்ததும் பேசுகிற முதல் பேச்சு. ஒரே மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பாள். அவளைப் பற்றி அப்படி ஒரு கேள்வி கேட்டு நான் கேட்டதில்லை.

அவருடைய தொழிலை இங்கே சொல்லிவிட வேண்டும். கவுதாரி பிடிக்கிறவனுக்குப் பழக்கின கவுதாரி ஒன்று வேண்டும். முட்டையைக் கோழிக்கு அடியில் வைத்துப் பொரித்து, குஞ்சிலிருந்தே கைத்தீனி கொடுத்து வளர்த்த சேவலாக இருக்க வேண்டும். வெளிச்சம் வருகிற நேரத்தில் கூண்டைப் பொட்டலில் வைத்து, சுற்றிலும் நரம்புக் கண்ணிகளை ஊன்றிவிட்டு, எட்டப் போய்ப் புதருக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். கூண்டுப் பறவை கத்தும். இது என் இடம், நீ யார் என்று காட்டுச் சேவல் பதிலுக்குக் கத்தும். கத்திக்கொண்டே நடந்து வரும். ஒவ்வொரு கத்தலும் முந்தினதைவிடக் கொஞ்சம் பக்கத்தில் கேட்கும். அது பக்கத்தில் வருவதை வைத்துத்தான் அது காட்டுப் பறவை என்று தெரிந்துகொள்வது. கூண்டைச் சுற்றிச் சண்டைக்கு நிற்கும்போது கால் கண்ணியில் விழுந்துவிடும்.

கவுதாரி மூன்று தட்டாகக் கத்தும். மதினிக்கு அது "சட்டி எடு, சட்டி எடு" என்று கேட்கும். "சட்டி எடு சட்டி எடுன்னு அதுவே கூப்பிட்டுக் குடுத்து, இந்தக் காட்டுல கெடந்த கவுதாரி பூரா இந்த அடுப்புலதான் வெந்துச்சு" என்பாள். இந்த அடுப்பில் வெந்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் நாற்கரச் சாலை ஓரத்துக் கடைகளுக்குப் போயிற்று. பிடித்தவரைப் பெரிய பெரிய ஆட்கள் ஜீப்பில் வந்து பாராட்டியிருக்கிறார்கள். அப்போதும் அது குற்றம்தான், இப்போதும் குற்றம்தான். அதனால் கூண்டின் மேல் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு கிடக்கும்.

நான் போன சமயத்தில் அண்ணாச்சி பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பிடிக்க ஒன்றும் இல்லை. பய காலையில் கத்துவான். சாயந்திரம் கத்துவான். பொட்டலிலிருந்து பதில் வராது.

பதிலுக்கு மயில் அகவும். அந்த வீட்டைச் சுற்றி மயில்தான் இருந்தது. தொழுவத்தின் தகரக் கூரையில் அவை நடக்கும்போது யாரோ செருப்புப் போட்டுக்கொண்டு மேலே திரிகிற மாதிரி இருக்கும். மதினி காயப்போட்ட மிளகாயைத் தின்னும், கோழிக்குப் போட்டதைத் தின்னும், பூச்செடிக்கு அடியில் குழி பறித்து மண்ணில் புரளும். திருநெல்வேலியிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் மயிலோடு நின்று போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். "நானும் கலியாணம் ஆகி வந்த புதுசுல ஒரு மயிலப் பாக்க கழுகுமலைக்குல்லா போனேன்" என்பாள் மதினி. அண்ணாச்சிக்கு மயிலைக் கண்டாலே ஆகாது. "முருகனுக்கு வாகனமாம். அவரு ஏறிப் போறதா இருந்தா எப்பமே போயிருக்கணும்லா. இவ்வளவும் இங்கன எதுக்கு நிக்கு?"

வேறு பறவைகளும் மாறியிருந்தன. அறுவடைக்கு மெஷின் வந்து முற்றத்தில் நெல் அடிக்கிறது நின்றதும் சிட்டுக்குருவி போய்விட்டது. காக்கா எல்லாம் கறிக்கோழிக் கடைப் பக்கம் போய்விட்டது. குளத்தில் மட்டும் இருந்த அரிவாள்மூக்கன் இப்போது டிராக்டருக்குப் பின்னால் வேலைக்காரன் மாதிரி நடக்கிறது. இதையெல்லாம் அண்ணாச்சி கேட்டால் சொல்லுவார். ஆனால் வரப்பில் எந்த மேடு எங்கே இருக்கிறது என்று சொல்லுகிற மாதிரித்தான் சொல்லுவார். அவர் காது ஒரே ஒரு சத்தத்துக்குத்தான் திறந்திருந்தது.

மகளின் நிச்சயதார்த்தம் நான் இருக்கும்போதுதான் நடந்தது. வள்ளியூர் மாப்பிள்ளை. நல்ல கூட்டம். தட்டு மாற்றுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன், முறைக்காக, "பொண்ணு வீட்டுக்குப் பரிபூரண சம்மதந்தானே அத்தான்" என்று கேட்டார். அண்ணாச்சி கையைத் தூக்கினார்.

பந்தலே ஓய்ந்துவிட்டது. தாய்மாமன் முகம் சிவந்தது. பெண் தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ ஒரு பெரியவர், ஏதும் சொல்ல வேண்டியது இருந்தால் உட்கார்ந்து பேசுவோம் என்றார். அண்ணாச்சி அப்போதும் கையை இறக்கவில்லை. தலை தெற்கே சாய்ந்திருந்தது. மதினிதான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"அவிய காத்து கேக்காவ. அது ஒரு சீக்கு. நீங்க தட்ட மாத்துங்க" என்றாள்.

சிரிப்பு வந்து கலியாணம் பிழைத்தது. அவர் கேட்டது பக்கத்துத் தோட்டத்தில் பம்புசெட்டின் பெல்ட் கீச்சிட்ட சத்தம். அன்றைக்குப் பந்தி முடிந்து நான் இலை எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "பெல்ட்டு தேஞ்சா அச்சு அசலா அப்படித்தான் கேக்கு வே" என்றார். மகளின் காரியம் கெட இருந்தது அவருக்கு நினைவே இல்லை.

சாயந்திரமானால் அவருக்கு இன்னொரு வேலை உண்டு. பானையில் சாணியும் மக்கின வைக்கோலும் அடைத்து, ஈரம் தெளித்து, பொட்டலில் கவிழ்த்து வைப்பார். மறுநாள் எடுத்துத் தட்டினால் உள்ளே கரையான் பொலபொலவென்று விழும். பயலுக்குத் தீனி. தின்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மார்கழி வாக்கில் பய தீனியை மிச்சம் வைக்க ஆரம்பித்தான். சாயந்திரக் கத்தல் நின்றது. காலையில் மட்டும், அதுவும் இரண்டு மூன்று தடவை கத்திவிட்டு, கழுத்தை நீட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டு, மூலையில் போய் உட்கார்ந்துவிடுவான்.

"பதில் கெடைக்காத கவுதாரி இப்படித்தான்" என்றார் அண்ணாச்சி. "மொதல்ல சத்தத்தக் கொறைக்கும். அப்புறம் தீனியக் கொறைக்கும். இவனுக்கு ஒரு பதில் கேக்கணும் வே. ஒண்ணே ஒண்ணு கேட்டாப் போதும், எந்திரிச்சிருவான்."

அன்றைக்குத்தான், நான் கேட்காமலே, அதையும் சொன்னார். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் பொட்டலில் ஒரு ஜோடி மட்டும் இருந்ததாம். பெட்டை கண்ணியில் விழுந்தது. சேவல் தப்பிவிட்டது. அது இரண்டு நாளாகப் பெட்டையைத் தேடிக் கத்திக்கொண்டே வீட்டுப் புறவாசல் வரைக்கும் வந்துவிட்டதாம். எருக்குழி மேல் ஏறி நின்று கத்தியதாம்.

"பெறகு?" என்றேன்.

"பெறகென்ன. அதையும் பிடிச்சேன்."

நான் பயலின் கூண்டைப் பார்த்தேன்.

"அதுதான் கடைசின்னு அது நெத்தியில எழுதியா இருந்துச்சு?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பொட்டலில் யாரும் காட்டுக் கவுதாரி சத்தம் கேட்டதில்லை. மயில் முட்டையை மிதித்துவிடுகிறது, களைக்கொல்லி அடித்துப் பூச்சி செத்துவிட்டது, நாய் பெருத்துவிட்டது, வேலி வந்துவிட்டது என்று அவர் நிறையக் காரணம் சொல்லுவார். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். வேலியை நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த எருக்குழிப் பக்கம் மட்டும் அவர் போக மாட்டார். சாணியைக் கொண்டுபோய் மதினிதான் கொட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வேலை கிடையாது. தை பிறந்ததும் அவர் என்னையும் கூட்டிக்கொண்டு பயலோடு வெளியே போக ஆரம்பித்தார். முதலில் நடந்து போகிற தூரம். அங்கே பதில் இல்லை. பிறகு பஸ்ஸில். இந்தக் காடு, அந்தத் தரிசு, குவாரிக்குப் பின்னால் உள்ள மேடு என்று போய்க் கூண்டை வைத்துவிட்டுப் படுத்திருப்போம். ஆடு மேய்க்கிறவர்கள், "எல்லாம் போய்ட்டு அண்ணாச்சி, எங்க தகப்பனார் காலத்துல கெடந்துச்சு" என்பார்கள். இவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, அடுத்த வாரம் இன்னும் தெற்கே போகலாம் என்பார்.

ஒருநாள் வள்ளியூர் பஸ்ஸில், கூட்டத்துக்கு நடுவே, துண்டுக்குள் இருந்து பய கத்திவிட்டான். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"போன் அடிக்கு" என்றார் அண்ணாச்சி.

"அடிச்சா எடுத்துப் பேசும் வே."

"எடுத்தா எதிர்ப்பக்கம் ஆளு பேச மாட்டுக்கு."

பஸ்ஸே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்கிற மாதிரி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு இறங்கின இடத்தில் ஒரு கல்மேடு இருந்தது. சுற்றிலும் உடைமரம், குத்துக்குத்தாகப் புல். கவுதாரிக்கு ஏற்ற இடம்தான். கூண்டை வைத்துவிட்டு இவர் சும்மா வந்து படுத்துக்கொண்டார். கண்ணி ஊன்றவில்லையா என்று கேட்டேன். கொண்டுவரவே இல்லை என்றார். எத்தனை வாரமாகக் கொண்டுவரவில்லை என்று நான் அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன்.

பய கத்தினான். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை கத்தினான்.

மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். தலையில் கட்டியிருந்த துண்டை, கோயில் நடை திறந்ததும் அவிழ்க்கிற மாதிரி அவிழ்த்து இடுப்பில் கட்டினார். கூண்டுக்குள் பய துள்ளிக்கொண்டிருந்தான். மூங்கிலில் மோதி மோதிக் கத்தினான். அங்கிருந்தும் உடனே உடனே பதில் வந்தது. மாதக்கணக்காக மூலையில் கிடந்த பறவையா இது என்று இருந்தது.

கொஞ்ச நேரம் போயிற்று. அவர் பிடி தளர்ந்தது.

"நடக்கல" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பக்கத்துல வரல வே. மொதல்ல எங்க நின்னுச்சோ அங்கனயேதான் நிக்கு. காட்டுப் பறவ அப்படி நிக்காது."

எழுந்து மேட்டைச் சுற்றிப் போனோம். அந்தப் பக்கம் ஒரு உடைமரத்தடியில் கூண்டு இருந்தது. அதைத் தாண்டிப் புதருக்குப் பின்னால் ஒரு ஆள் குப்புறப் படுத்திருந்தார். நரைத்த தலை, கைலி. நாங்கள் வந்த காலடிச் சத்தம் கேட்டதும், திரும்பிப் பார்க்காமலே, சத்தம் போடாதீர்கள் என்று கையைத் தூக்கினார். வலது கை. தோளுக்கு மேல் உயரவில்லை.

அண்ணாச்சி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த மனுஷனிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்தது. பெரியவரே, கத்தினது எங்கள் கூண்டுப் பறவைதான் என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திசையன்விளைப் பக்கம், தேரி என்கிற செம்மணல் மேட்டில் அவருக்கு வீடு. மொபட்டில் கூண்டைக் கட்டிக்கொண்டு வாராவாரம் வடக்கே வடக்கே என்று வந்திருக்கிறார். நாங்கள் தெற்கே தெற்கே என்று போயிருக்கிறோம். இரண்டு கூண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பறவைகள் ஒன்றையொன்று பார்த்தன. இரண்டும் வாயை மூடிக்கொண்டன.

"ரெண்டும் சேவல்" என்றார் அந்தப் பெரியவர்.

"ஆமா" என்றார் அண்ணாச்சி.

"நீரு எத்தன பிடிச்சிருப்பீரு?"

"நீரு எத்தனயோ அத்தன."

இரண்டு பேரும் பீடி பற்றவைத்தார்கள். கிளம்புகிற நேரத்தில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பார்த்துக்கொள்ளக் கூடாது, பேசிக்கொள்ளக் கூடாது. பறவைகளுக்கு மட்டும் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இருக்கிறான் என்று இருக்கட்டும்.

பய பிழைத்துக்கொண்டான். தீனியைக் காலிசெய்தான். வீட்டில்கூடச் சாயந்திரம் கத்தினான். "திரும்பவும் சட்டி எடுக்கச் சொல்லுது" என்றாள் மதினி, சந்தோஷமாகத்தான். நாங்கள் ஞாயிறு தவறாமல் போய் வந்தோம். மேட்டுக்கு அந்தப் பக்கம் மொபட் வந்து நிற்கிற சத்தம் கேட்கும். பிறகு பயலும் அவனும் வெயில் ஏறுகிறவரை கத்திக்கொண்டிருப்பார்கள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால், அந்த மேட்டில் கவுதாரி நிறையக் கிடக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

சித்திரையில் ஒருநாள், ஒரு டப்பாவில் கரையான் அடைத்து என்னிடம் கொடுத்தார். தேரி மண்ணில் கரையான் பிடிக்கிறது கஷ்டம், கொண்டுபோய் அவர் பறவைக்குக் கொடு, பேச்சு வளர்க்காதே என்றார். நான் மேட்டைச் சுற்றிப் பைய நடந்தேன். பயலின் கத்தல் பின்னால் கேட்டது. முன்னாலிருந்து பதில் கேட்டது.

அந்தப் பெரியவர் கூண்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கூண்டில் ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் வாயில் குவித்து அவர்தான் கத்திக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

என்னைப் பார்த்ததும் கையை எடுத்தார். மேட்டுக்கு அந்தப் பக்கம் பய கத்தினான். பெரியவர் என்னைப் பொறுக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, திரும்பக் கையைக் குவித்துப் பதில் சொன்னார். பிறகுதான் என்னிடம் பேசினார்.

"பங்குனியிலயே போய்ட்டு."

நான் டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"உம்ம ஆளுகிட்டச் சொல்லாதேயும். பதில் கெடைக்காம அவரு பறவ தீனியக் கொறச்சிட்டுன்னு சொன்னாரு அன்னைக்கி." டப்பாவை வாங்கிக் காலிக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "நீரு போம்."

திரும்பி வந்ததும் அண்ணாச்சி கேட்டார், "தின்னுச்சா?"

"திங்குது" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்சம் கழித்து, "ஒரு மாசமா அதுக்குத் தொண்ட எறங்கிப் போச்சு" என்றார். "வயசாயிட்டுல்லா. அடுத்த வாரமும் கொஞ்சம் கரையான் கொண்டு குடு."

வாழ்நாள் முழுக்கக் கவுதாரிக்குக் காது கொடுத்த மனுஷர். கூண்டுப் பறவை எது, காட்டுப் பறவை எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர். பறவை எது, ஆள் எது என்றா தெரியாமல் போகும்? அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்குத் திரும்பி வருகிற வழியில் அவர் ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை.

ஆனி மாதத்தில் வேலி முடிந்தது. எங்கள் ஆட்களை வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். பிறகு கொஞ்ச நாள் கேரளாவில் ரோடு வேலை, கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை, பிறகு காய்கறி லாரி. அந்த லாரி முருங்கைக்காய் ஏற்றத் திசையன்விளைக்கு வந்தபோது, அங்கே ஒருநாள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை. பஸ் ஏறி அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

பொட்டல் இருந்த இடம் முழுக்கத் தகடு மினுங்கியது. நான் நட்ட தூண் எல்லாம் நேராகத்தான் நின்றன. வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மயில் நின்றது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மதினி மட்டும் இருந்தாள். முன்னைக்கு இளைத்திருந்தாள். வா தம்பி, எங்கன கெடந்த என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அண்ணாச்சி எங்கே என்றேன்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமல்லா. மேட்டுக்குப் போயிருக்காவ."

தொழுவத்தை எட்டிப் பார்த்தேன். கூண்டு இல்லை. பய எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"அது தை மாசமே செத்துப் போச்சே" என்றாள். "எருக்குழியில போட விடல. அவியளே குழி தோண்டுனாவ."

"அப்ப கூண்டு?"

"வெறுங்கூண்டத்தான் தூக்கிக்கிட்டுப் போறாவ. மேல துண்டு வேற." உள்ளே போய் ஒரு தூக்குவாளியில் சோறும் குழம்பும் எடுத்துவந்தாள். "காலையில ஒண்ணும் திங்காம போயிருக்காவ. நீ போறதா இருந்தா இதக் கொண்டு குடு." வாசல் வரை வந்து, "பறவ இருந்தப்பகூட இந்த வீட்டுல இவ்வளவு சத்தம் இல்ல தம்பி. குளிக்கும்போது கத்திப் பழகுதாவ. நான் சட்டி எடுன்னு சொல்லுததயே விட்டுட்டேன்" என்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டைப் பார்த்து நடந்தேன். வெயில் ஏறியிருந்தது. அங்கேயும் மயில் வந்திருந்தது. உச்சிப் பாறையில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. தூரத்திலேயே கவுதாரிக் கத்தல் கேட்டது. மூன்று தட்டு. யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கே ஒரு நிமிஷம் பய உயிரோடுதான் இருக்கிறான் என்று தோன்றியது.

பழைய புதருக்குப் பக்கத்தில் அவர் முதுகு தெரிந்தது. துண்டு போட்ட கூண்டு கொஞ்சம் எட்ட, எப்போதும் வைக்கிற இடத்தில் இருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் மொபட் நிற்கிறதா என்று இங்கிருந்து தெரியாது. அவர் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார். பிறகு தலையைச் சாய்த்தார்.

அண்ணாச்சி என்று கூப்பிட வாயெடுத்தேன். தூக்குவாளி மூடி இலேசாகச் சத்தம் போட்டது. அவர் திரும்பவில்லை. கையைத் தூக்கினார்.

நின்றுவிட்டேன். பாறையிலிருந்த மயில் அகவியது. அது ஓய்ந்த பிறகும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கை தூக்கினபடியே இருந்தது. வாளியைக் கீழே வைக்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. மயில் பறந்து இறங்கிப் போய்விட்டது. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்தப் பக்கமிருந்து வந்தது. கரகரத்த, மூச்சு வாங்குகிற மூன்று தட்டு. கடைசித் தட்டு பாதியில் இருமலாக முடிந்தது.

அண்ணாச்சி கையை இறக்கினார். யார் வந்திருப்பது என்று பார்க்காமலே சொன்னார்.

"இருக்கான்."